உதகையில் எரிந்த மஞ்சள் விளக்கு

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக, நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன், நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். 2021 மே மாதம் உறவினர் ஒருவருக்காக வாங்கிய 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (செறிவூட்டி), அதன் பின்னர் எங்கள் வீட்டு உள்ளறையில் சும்மா கிடந்தது. 2024 தொடக்கத்திலிருந்து அதைத்தான் அப்பாவுக்குப் பயன்படுத்துகிறோம். திருவாரூரில் இருக்கும்வரை இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91, 92 சதவீதம் என்று நின்றது. வெயிலுக்குப் பயந்து அவரை உதகையில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அழைத்து வந்தோம். இங்கே 86, 87-க்கு மேல் ஏறவில்லை. 4 லிட்டருக்குக் கூட்டினோம்; 90 வரை வந்தது, ஆனால் இயந்திரத்தில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டால் இயந்திரத்தில் கோளாறு இல்லை என்கிறார். 10 லிட்டர் இயந்திரம் வாங்கச் சொல்கிறார் தம்பி. குளிருக்காக மூடிய அறையில் இந்த இயந்திரம் ஓடினால் காற்றிலுள்ள ஆக்சிஜனெல்லாம் தீர்ந்துவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவக் கருவிப் பொறியாளர், மருத்துவர் அல்லன். ஆகவே இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2 லிட்டரை 4 லிட்டராக நீங்களாகவே கூட்டியதை இன்றே உங்கள் நுரையீரல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். உங்கள் தந்தைக்கு இருக்கும் நோயில் ஆக்சிஜன் குறைவது ஒரு ஆபத்து என்றால், தேவைக்கு மேல் கொடுப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்குவது இன்னொரு ஆபத்து. அதனால்தான் இந்த நோயாளிகளுக்குப் பொதுவாக இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று மருத்துவர்கள் எல்லை வகுக்கிறார்கள். காலையில் தலைவலியுடன் எழுவது, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், உதடு நீலம் பாரிப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், இந்தக் கடிதத்தை மேலே படிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். விற்றவர் சொன்னது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தும், அது வைக்கப்பட்டிருக்கும் இடம் அதை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். ஆனால் 2021-க்கும் 2024-க்கும் இடையே அது சும்மா கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்கு மலையைவிடப் பெரிய ஐயத்தைத் தருகிறது. இரண்டில் எது காரணம் என்று பிரித்தறியும் வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

செறிவூட்டி ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கம்ப்ரசர் அந்தக் காற்றை இழுத்து, அழுத்தி, ஜியோலைட் மணிகள் நிரம்பிய ஓர் உருளைக்குள் தள்ளுகிறது. பழுதான உருளை ஒன்றை வெட்டித் திறந்து அந்த மணிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்திருக்கிறேன். வறுக்காத ரவையைப் போலச் சின்னஞ்சிறியதாக, வெளிர் நிறத்தில் இருக்கும். அழுத்தம் ஏறும்போது அந்த மணிகளின் நுண்துளைகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, பிடிபடாத ஆக்சிஜன் மறுமுனை வழியாக வெளியேறுகிறது. சில விநாடிகளில் மணிகள் நிறைந்துவிடும். உடனே வால்வு மாறி, காற்று இரண்டாவது உருளைக்குச் செல்ல, முதல் உருளையின் அழுத்தம் திறந்துவிடப்பட்டு, அது பிடித்த நைட்ரஜனை வெளியே கக்குகிறது. இயந்திரத்தின் பின்புறம் சீரான இடைவெளியில் 'புஸ்' என்று ஒரு மூச்சுச் சத்தம் கேட்குமே, அதுதான் அந்த நைட்ரஜன். நல்ல நிலையில் உள்ள இயந்திரம் இப்படி 90 முதல் 96 சதவீதம் வரை தூய்மையான ஆக்சிஜனைத் தரும். ஆர்கானை இந்த மணிகளால் பிரிக்க முடியாது என்பதால் 100 சதவீதத்தை எந்தச் செறிவூட்டியும் எட்டாது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், முகப்பில் ஏறி இறங்கும் சிறு பந்து காட்டுவது எத்தனை லிட்டர் வாயு வெளியே போகிறது என்பதை மட்டுமே. அந்த வாயுவில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதைப் பந்து சொல்லாது. பந்து 4-இல் நிற்கும்போது வெளியே வருவது 93 சதவீதமாகவும் இருக்கலாம், 70 சதவீதமாகவும் இருக்கலாம். பந்துக்கு இரண்டும் ஒன்றுதான். சதவீதத்தைச் சொல்வது உள்ளே இருக்கும் உணரி (சென்சார்). அது கவலைப்படும்போதுதான் மஞ்சள் விளக்கு எரிகிறது. பன்னாட்டுத் தரவரையறைப்படி 82 சதவீதத்துக்குக் கீழே போனால் இயந்திரம் எச்சரிக்க வேண்டும். பல தயாரிப்புகள் அதற்குச் சற்று முன்பாகவே மஞ்சள் விளக்கை எரியவிடுகின்றன. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உங்கள் இயந்திரத்தில் என்ன பொருள் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள், ஏனென்றால் நிறங்களின் பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும்.

இப்போது மலை. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருவாரூரில் உள்ள காற்றழுத்தத்தில் சற்றேறக்குறைய முக்கால் பங்குதான் அங்கே உண்டு. கம்ப்ரசரின் பிஸ்டன் அங்கும் அதே அளவு இடத்தைத்தான் நிரப்புகிறது, ஆனால் அந்த இடத்துக்குள் அகப்படும் காற்று கால் பங்கு குறைந்துவிடுகிறது. உருளைக்குள் அழுத்தம் எட்ட வேண்டிய உயரத்தை எட்டாததால், மணிகளால் நைட்ரஜனை முழுமையாகப் பிடிக்க முடியாமல் போகிறது. பிடிபடாத நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. 1, 2 லிட்டர் அளவில் இது தெரியாது. 4, 5 லிட்டர் என்று கூட்டும்போது, மணிகளுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைந்து, தூய்மை சட்டென்று இறங்கும். நீங்கள் 2-இலிருந்து 4-க்குத் திருகியதும் விளக்கு எரிந்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம். உலக சுகாதார நிறுவனம் செறிவூட்டிகளுக்காக 2015-இல் வெளியிட்ட தொழில்நுட்ப வரையறையே 40 டிகிரி வெப்பம், 95 சதவீத ஈரப்பதம், 2,000 மீட்டர் உயரம் ஆகியவற்றில் குறைந்தது 82 சதவீதம் தர வேண்டும் என்றுதான் கேட்கிறது. உதகை அந்த 2,000 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. உங்கள் இயந்திரம் எவ்வளவு உயரம் வரை முழுத் தூய்மை தரும் என்பது கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணையில் இருக்கும். வாங்கும்போது யாரும் படிக்காத பக்கம் அது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மலை இயந்திரத்தை மட்டும் பாதிக்கவில்லை, உங்கள் தந்தையின் தேவையையும் சேர்த்து உயர்த்திவிட்டது. கணக்கைப் பாருங்கள். மூச்சுக் குழாய்க்குள் காற்று நுழையும்போது நீராவி 47 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். கடல் மட்டத்தில் 760-இலிருந்து அதைக் கழித்து, 21 சதவீதத்தைக் கணக்கிட்டால், ஆக்சிஜனின் பங்கு 150 மில்லிமீட்டர். உதகையில் மொத்த அழுத்தமே 580 அளவுதான். அதே கணக்கைப் போட்டால் 112 வருகிறது. மூக்குக் குழாயில் 2 லிட்டர் வைத்தால் நுரையீரலுக்குள் போகும் காற்றில் ஏறத்தாழ 28 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வாய்ப்பாடு. திருவாரூரில் அந்த 28 சதவீதம் தந்த அதே அழுத்தத்தை உதகையில் பெற வேண்டுமானால், 37 அல்லது 38 சதவீதம் தேவைப்படுகிறது. அதே வாய்ப்பாட்டின்படி அது 4 லிட்டருக்கும் சற்று மேல். இது தோராயக் கணக்குதான். ஒவ்வொருவரின் மூச்சும் வேறு, முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனாலும் 2 லிட்டரில் 86 என்று இறங்கி, 4 லிட்டரில் 90-க்கு ஏறியது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப் போகிறது. அவருக்கு இரு மடங்கு தேவைப்படும் இடத்தில், இயந்திரத்துக்குத் திராணி குறைந்துவிட்டது. இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது, ஏனென்றால் வெயில் காலத்தில் வயதானவர்களை மலைக்கு அழைத்துச் செல்வது நம் வீடுகளில் அக்கறையோடு செய்யும் காரியம்.

ஆனால் எல்லாப் பழியையும் மலைமேல் போடுவதற்கு முன், சின்னச் சின்னக் காரணங்கள் இரண்டை விலக்கிவிட வேண்டும்.

முதலாவது விரல். உதகைக் காலைக் குளிரில் விரல்கள் சில்லிட்டு இரத்த ஓட்டம் சுருங்கியிருந்தால், விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் குறைத்துக் காட்டும். அப்பாவின் கைகளை உங்கள் கைகளுக்குள் வைத்துச் சூடேற்றி, அவர் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, கருவியை மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இயந்திரத்துக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள வழி. ஈரமூட்டும் குப்பியின் மூடி மரையில் சாய்வாக உட்கார்ந்திருந்தால், பந்து 4 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பாதி ஆக்சிஜன் மூடியின் விளிம்பு வழியாக அறைக்குள் கசிந்துபோகும். மூக்கில் வைக்கும் முனையை ஒரு தம்ளர் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழிகள் தாராளமாக, விடாமல் வர வேண்டும். மந்தமாக வந்தால் குப்பியைக் கழற்றிவிட்டு, குழாயை நேரடியாக இயந்திரத்தில் மாட்டி மறுபடி பாருங்கள். அப்போது வேகம் கூடினால் குற்றம் குப்பியுடையது. குளிர்ந்த அறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. குப்பியிலிருந்து ஈரத்தோடு வரும் வாயு நீண்ட குழாயில் குளிர்ந்து, நீர்த்துளிகளாகித் தாழ்வான வளைவில் தேங்கும். குழாயைத் தரையில் புரளவிடாமல் கட்டில் ஓரமாக உயர்த்திக் கட்டுங்கள். தேங்கிய நீரை அவ்வப்போது உதறிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தால், அடுத்து நான் ஐயப்படுவது அந்த உள்ளறையை. ஜியோலைட் மணிகளுக்கு நைட்ரஜனைவிட நீராவிமீது பற்று அதிகம். நீராவி ஒருமுறை நுண்துளைக்குள் நுழைந்துவிட்டால், இயந்திரத்தின் வழக்கமான அழுத்த ஏற்ற இறக்கத்துக்கு அது எளிதில் வெளியேறாது; அந்த இடத்தில் இனி நைட்ரஜனுக்கு இடமில்லை. தினமும் ஓடும் இயந்திரத்தில் இந்த ஈரம் உருளையின் நுழைவாயிலிலேயே தடுக்கப்பட்டு, ஒவ்வொரு 'புஸ்' சத்தத்தோடும் பெரும்பகுதி வெளியே தள்ளப்படுகிறது. நிறுத்திவைத்த இயந்திரத்தில் தள்ளுவதற்கு ஆளில்லை. நுழைவாயிலில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே இருக்கும் நல்ல மணிகளுக்குப் பரவுகிறது. உங்கள் இயந்திரம் காவிரிப் படுகையின் ஈரக் காற்றில், மூன்று வடகிழக்குப் பருவமழைகளை ஓடாமலே கடந்திருக்கிறது. இது சாதாரண விஷயமல்ல. பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் வாங்கி, பிறகு போர்த்தி மூலையில் வைக்கப்பட்ட எத்தனையோ இயந்திரங்களை இப்போது எடுத்து ஓட்டும்போது, பந்து ஒழுங்காக ஏற, சத்தம் ஒழுங்காகக் கேட்க, தூய்மை மட்டும் 70-களில் நிற்பதைப் பார்க்கிறேன். பின்புறக் காற்றுப்போக்கியின் அருகே வெள்ளைத் தூள் படிந்திருந்தால், மணிகள் உதிரத் தொடங்கிவிட்டன என்று பொருள். டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டில் சும்மா இருக்கும் செறிவூட்டியை மாதம் ஒருமுறையாவது சில மணி நேரம் ஓட்டி வைக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பது இதனால்தான்.

நீங்கள் திருவாரூரில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து லிட்டர் திறனுள்ள இயந்திரத்தில் 2 லிட்டர் மட்டும் எடுக்கும்போது, மணிகளில் ஒரு பகுதி கெட்டிருந்தாலும் மீதி சமாளித்துவிடும்; விளக்கும் பச்சையாகவே இருக்கும். குறை ஒளிந்திருந்து, அதிகம் கேட்கும்போதுதான் வெளியே வரும்.

மலையா, மணியா என்று பிரித்தறிய ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். கோவையிலோ உதகையிலோ மருத்துவக் கருவிப் பழுதுபார்ப்பவர் எவரிடமாவது, வெளிவரும் வாயுவில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் ஆக்சிஜன் அனலைசர் இருக்கும். வரவழைத்து, இயந்திரத்தை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு, குப்பியைக் கழற்றிவிட்டு, 1, 2, 3, 4, 5 லிட்டர் என்று ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நிறுத்தி, சதவீதத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அப்பாவுக்கு சிலிண்டர் மூலம் ஆக்சிஜன் கொடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மின்வேதிக் கலம் கொண்ட அனலைசர் உண்மையில் அளப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை. சதவீதம் என்பது அதிலிருந்து அது கணக்கிட்டுச் சொல்லும் எண். கோவையில் சரிசெய்துவிட்டு உதகைக்கு எடுத்து வந்தால், காற்றழுத்தம் குறைந்த ஒரே காரணத்தால், உண்மையான 93 சதவீதத்தை அது 74 என்பதுபோலக் காட்டும். நல்ல இயந்திரம் ஒன்று இப்படித் தவறான அளவீட்டால் கழித்துப் போடப்பட இருந்ததை நானே நேரில் தடுத்திருக்கிறேன். ஆகவே அளப்பதற்கு முன், உங்கள் கண்ணெதிரில், உதகையின் திறந்த காற்றில் கருவி 20.9 காட்டும்படி சரிசெய்யச் சொல்லுங்கள். அவர் தயங்கினாலும் வற்புறுத்துங்கள்.

பிறகு அப்பாவோடு மலையிறங்கும்போது, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அதே சோதனையை, மறுபடி அங்கே சரிசெய்த கருவியால், இன்னொரு முறை செய்யுங்கள். சமவெளியில் ஐந்து லிட்டர் வரை 90-க்குக் குறையாமல் வந்தால் மணிகள் நலம். உதகையில் நடந்தது மலையால் மட்டுமே. சமவெளியிலும் 3, 4 லிட்டரில் 85, 80 என்று இறங்கினால் ஈரம் வேலையைக் காட்டிவிட்டது. அந்த நிலையில், ஒரு முழுநாள் இடைவிடாமல் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கலாம். சிறிதளவு ஈரம் வெளியேறி எண் கொஞ்சம் ஏறுவதுண்டு. ஏறாவிட்டால் இரண்டு உருளைகளையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் புதிய இயந்திரத்தின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா? 2021-இல் வெளிநாடுவாழ் உறவினர்கள் அன்போடு அனுப்பிய இயந்திரங்களில் அமெரிக்க மின்சாரத்துக்கானவையும் இருந்தன. ஒரு வீட்டில் அப்படிப்பட்ட இயந்திரத்தை மின்மாற்றி வைத்து 115 வோல்ட்டுக்குக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்குகள் எரிந்தன, பந்து ஏறியது, எல்லாம் சரி என்றே நம்பினார்கள். மின்மாற்றி வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், அதோடு அளவுக்கு மீறிச் சூடாகும். வேகம் குறைந்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் தூய்மை குறையும். அங்கே நோயாளியாக இருந்த அம்மாள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மூன்று வாரமும் குடும்பத்தார் லிட்டரைக் கூட்டிக் கூட்டி வைத்தார்கள், தூய்மை மேலும் மேலும் இறங்கியது. அந்த வீட்டு வரவேற்பறையில் என் அனலைசரில் எண் நிலைத்து நின்றபோது அவருடைய மகன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. தகட்டைப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சரியான 230 வோல்ட் இயந்திரமாகவே இருந்தாலும், மாலையில் வோல்டேஜ் இறங்கும் பகுதிகளில் மோட்டார் திணறும். ஒரு கிலோ வோல்ட் ஆம்பியர் திறனுள்ள ஸ்டெபிலைசர் போதும். மின்வெட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால், அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டே சூடாகும். ஐந்து லிட்டர் இயந்திரம் 350 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும் என்பதால், 150 ஆம்பியர் மணி கொண்ட புதிய பேட்டரி ஒன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று நம்பாதீர்கள். எனவே ஒரு பி டைப் சிலிண்டர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அதில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். 2 லிட்டர் வீதம் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம், 4 லிட்டர் வைத்தால் ஆறு மணி நேரம். சிலிண்டரின் வாயு கம்ப்ரசரையும் மலையையும் சார்ந்ததல்ல. உதகையிலும் அதன் தூய்மை மாறாது. மஞ்சள் விளக்கு சிவப்பாகும் நேரத்தில் உங்களுக்கு அதுதான் துணை.

10 லிட்டர் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மாத விருந்துக்காக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் தம்பி சொல்வதில் தவறில்லை: 10 லிட்டர் இயந்திரத்தில் பெரிய கம்ப்ரசரும் கூடுதல் மணிகளும் இருப்பதால், அதிலிருந்து 4 லிட்டர் மட்டும் எடுத்தால் உதகையிலும் தூய்மை நிற்கும். ஆனால் அது 600 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். கனமும் சத்தமும் அதிகம். திருவாரூர் திரும்பியதும் 2 லிட்டருக்காக அதை ஓட்டுவது வீண். இன்னும் சில வாரங்கள் அங்கேயே தங்குவது என்று மருத்துவரும் சம்மதித்தால், வாடகைக்கு எடுங்கள். கையேட்டில் 2,300 மீட்டருக்குக் குறையாத உயரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே முன்பணம் கொடுங்கள். அப்பா இனி உதகையிலேயே குடியிருக்கப் போகிறார் என்றால் மட்டும் சொந்தமாக வாங்குவது பொருத்தம். என்னைக் கேட்டால், நுரையீரல் மருத்துவரிடம் பேசிவிட்டு அவரை மெல்லக் கீழே அழைத்து வருவதே நல்லது. பயணத்தில் இயந்திரத்தைப் படுக்க வைக்காதீர்கள். கம்ப்ரசர் சுருள்வில்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் படுத்தபடி உருண்டால் அவை விலகிவிடும்.

கீழே காத்திருக்கும் வெயிலை எண்ணித்தான் மலையேறினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. வெயிலும் இந்த இயந்திரத்துக்கு எதிரிதான். சூடான மணிகள் நைட்ரஜனைத் தளர்வாகத்தான் பிடிக்கும், சூடான காற்றும் மெலிந்தது. ஆனால் வெயிலை நம்மால் ஓரளவு சமாளிக்க முடியும். இயந்திரம் எடுக்கும் 350 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே இறங்குவதால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன அறையில் அதை வைத்தால் இயந்திரம் தானே கக்கிய சூட்டைத் தானே உறிஞ்சும். காற்றோட்டமுள்ள கூடத்தில், சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓரடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். குழாய் நீளம் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்பதால் அப்பா உள்ளறையில் படுக்கலாம். சமையலறைக்கு அருகே வேண்டாம், தாளிப்பு எண்ணெயின் ஆவி வடிகட்டியில் பிசுபிசுப்பாகப் படிந்துவிடும். வெளி வடிகட்டியை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஒரு வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த இயந்திரத்தின் வடிகட்டியை உரித்தபோது, அடைபோலச் சாம்பல் நிறப் பஞ்சு ஒரே துண்டாக வந்தது. குப்பிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்.

உங்கள் அம்மாவின் பயத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அதில் பாதி ஆதாரமற்றது, பாதி மிகவும் சரியானது. செறிவூட்டி அறையின் ஆக்சிஜனைத் தின்றுவிடாது. அது பிரித்தெடுக்கும் ஆக்சிஜன் அப்பாவின் மூச்சு வழியாகவும் மூக்கோரம் கசிந்தும் மறுபடி அறைக்கே வருகிறது. வெளித்தள்ளும் நைட்ரஜனும் அதே அறையில்தான் கலக்கிறது. உடல் உண்மையில் செலவழிப்பது, இயந்திரம் இல்லாவிட்டாலும் அவர் செலவழிக்கும் அதே சிறு அளவுதான். ஆனால் குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்போ மண்ணெண்ணெய் ஹீட்டரோ வைக்கும் வழக்கம் மலையில் உண்டு. அதை உடனே அகற்றிவிடுங்கள். கரி எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும் நஞ்சு. அது இரத்தத்தில் ஏறினாலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதை ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். போர்வையிலும் உடையிலும் ஆக்சிஜன் ஊறியிருக்கும்போது ஒரு பொறி போதும். விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம், பீடி எதுவும் அந்த அறையில் வேண்டாம். மூக்கு வறண்டால் வாசலின் தடவாதீர்கள், நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும்.

உதகை அளவுகளையும், மேட்டுப்பாளையம் அளவுகளையும், பின்புறத் தகட்டில் உள்ள விவரங்களையும் ஒரே தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். உருளையை மாற்றுவதா, அப்படியே தொடர்வதா என்பதை அந்தத் தாளைப் பார்த்த பின்பு சொல்கிறேன்.